கண்ணாடி போட்ட ரத்தம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

மேஜையில் கிடந்த போன் அலறியது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டித் துழாவினார். முதலில் டீக்கோப்பையைக் காதில் வைத்தார். பிறகு போனை வைத்தார்.

"ஹலோ...!"

"டாக்டர்! நான் பிணவறையிலேர்ந்து பேசுறேன்!"

"பிணவறையிலேர்ந்தா...? பேசுறீங்களா...?"

"நான் இன்ஸ்பெக்டர்! பிணம் பக்கத்துல இருக்கு. அதால பேச முடியாது, அதான் நான் பேசுறேன். அஞ்சு நிமிஷத்துல உங்க ரூமுக்கு வர்றேன். எங்கயும் போயிடாதீங்க!"

"நான் எங்க மேடம் போவேன்... என் பெண்டாட்டியே என்னை எங்கயும் கூப்பிடுறதில்ல..."

போன் கட்டானது.

டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடலாம். பெரிய அறிமுகம் ஒன்றும் தேவைப்படாத மனிதர். வயது ஐம்பத்தொன்று. ரத்த நோய் நிபுணர். அந்த ஆஸ்பத்திரியில் இருதய டாக்டரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். மூளை டாக்டரைப் பார்த்தால் கும்பிடுவார்கள். இவரைப் பார்த்தால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார்கள்.

பெயர், 'கொசு டாக்டர்'!

இருபத்திரண்டு வருடங்களாக அதே பெயர். கதவில் மாட்டியிருந்த பலகையில் யாரோ பென்சிலால் ஒரு கொசுவே வரைந்து வைத்திருந்தார்கள். அவர் அழிக்கவில்லை. படம் நன்றாக இருந்தது.

அவரிடம் ஒரு குறை உண்டு. முகங்கள் மறந்து போகும். சொந்த மச்சானையே இரண்டு முறை, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று விசாரித்தவர். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒரே ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

கதவு தட்டப்படாமலே திறந்தது.

இன்ஸ்பெக்டர்! நாற்பது வயதுப் பெண்மணி. கண்களில் தூக்கமில்லை. கையில் ஒரு பைல்.

"நேத்து மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு, உங்க ஆஸ்பத்திரி பின்பக்கத் திருப்பத்துல ஒரு ஆக்சிடென்ட். தெரியுமில்ல?"

டாக்டரின் முகம் வாடியது.

"தெரியும் மேடம்... சைரன்..."

சைரன்! ஆஸ்பத்திரியே அவருக்கு வைத்த பெயர் அது. இருபத்தாறு வருடம் அந்த ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸை ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது. நேற்று சைக்கிளில் போனவரை ஒரு கார் தூக்கி வீசிவிட்டது.

காரை ஓட்டியவர், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். தலைமை சர்ஜன். நிர்வாகமும் அவர் கையில்தான்.

"ஸ்பாட்டுக்கு முதல்ல போனது நான்," என்றாள் இன்ஸ்பெக்டர். "பெரிய டாக்டர் கார்க் கதவைத் திறந்தாரு. சாராயக் கடையைத் திறந்த மாதிரி இருந்தது டாக்டர்! உடனே இங்கயே கூட்டிட்டு வந்து, என் கண்ணு முன்னாடி ரத்தம் எடுக்க வெச்சேன். ரெண்டு குழாய். சாம்பல் மூடி போட்டது எங்க போலீஸ் லேபுக்கு. ஊதா மூடி போட்டது உங்க லேபுக்கு. இன்னிக்குக் காலையில எங்க ரிசல்ட் வந்துருச்சு."

"எவ்வளவு?"

"பூஜ்யம்! துளி ஆல்கஹால் இல்ல! இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா...? குடிச்சிருந்தது சைரன்தானாம்! தள்ளாடிக்கிட்டே கார்ல வந்து விழுந்தாராம்!"

"சைரனா...?! அவர் இருமல் மருந்தையே மோந்து பாத்துட்டுக் குடிக்கிற ஆளு மேடம்!"

"அதை நீங்களும் நானும் சொல்லிப் பிரயோஜனமில்ல. ரத்தம் சொல்லணும்." பைலிலிருந்து ஒரு தாளை உருவினாள். "இது அந்த ஊதா மூடிக் குழாயோட ரிப்போர்ட். கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. காலையில போட்டேன்."

"கையெழுத்துக்கு மேல ஒரு வரி இருக்கே... படிங்க."

டாக்டர் படித்தார். 'வெள்ளை அணுக்களில் மாறுபாடு. ஸ்லைடைப் பார்க்கவும்.'

"மெஷினுக்குச் சந்தேகம் வந்தா இப்படி அடிக்கும் மேடம். அப்புறம் நான் மைக்ராஸ்கோப்ல பாத்துட்டுத்தான் கையெழுத்து..."

"பாத்தீங்களா?"

டாக்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு அறுபது ரிப்போர்ட் மேடம்..."

"பாத்தீங்களா?"

"...இல்ல."

"பெருமையா இருக்கு டாக்டர்."

"எனக்கும்தான்!"

அவமானத்தில் காது சிவக்க, ஸ்லைடு தட்டைக் கிளறி அந்தக் கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் செருகினார். குனிந்தார்.

ஐந்து வினாடி... பத்து வினாடி...

"அட...!"

"என்ன?"

"மூக்குக் கண்ணாடி!"

"நெத்தியில ஏத்தி விட்டிருக்கீங்க."

"என்னோடது இல்ல மேடம்! ரத்தத்துல! வந்து பாருங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். சிவப்பு வட்டங்களுக்கு நடுவே, ஊதா நிறத்தில் அங்கங்கே ஒரு ஜோடிப் புள்ளி. மெல்லிய நூலால் இணைத்த மாதிரி.

"வெள்ளை அணுவுக்கு நடுவுல கரு இருக்கும். சாதாரணமா அது மூணு துண்டு, நாலு துண்டா மணி கோத்த மாதிரி இருக்கும். இதுல எல்லாமே ரெண்டே துண்டு! மூக்குக் கண்ணாடி மாதிரி! பிறவியிலேயே வர்றது. அப்பா அம்மா கொடுக்கிற சொத்து. கெடுதல் ஒண்ணுமில்ல. பல ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருக்கும்."

"அப்போ பெரிய டாக்டருக்கு இருக்கு. அதனால?"

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். விரல்கள் கண்ணாடித் துண்டுகளின் மேல் ஓடின. ஒன்றை உருவினார்.

"போன வருஷம் அவர் காய்ச்சல்ல படுத்தப்போ எடுத்த ஸ்லைடு. எனக்கு அவர் முகம் கூட சரியா ஞாபகமில்ல. ஆனா இது ஞாபகமிருக்கு. பாருங்க!"

பார்த்தாள். மூன்று... நான்கு... மூன்று... நான்கு. ஒரு ஜோடிக் கண்ணாடி கூட இல்லை!

"போன வருஷம் இல்லாதது இந்த வருஷம் வருமா?"

"ஒரு விதமான ரத்தக் கேன்சர்ல வரலாம். ஆனா அப்போ மத்த அணுக்களும் கோணல் மாணலா இருக்கும். இதுல எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு." டாக்டர் நிமிர்ந்தார். "மேடம்... இது பெரிய டாக்டரோட ரத்தமே இல்ல!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என் கண்ணு முன்னாடி எடுத்தாங்க டாக்டர்! சீல் வைக்க லேபுக்குள்ள கொண்டு போனாங்க... அப்பப் பாத்து மேலதிகாரி போன்ல கூப்பிட்டாரு. உள்ள சிக்னல் இல்ல. வெளிய போய்ப் பேசினேன்... பத்து நிமிஷம்..."

"பத்து நிமிஷமா?!"

"நீங்க ஸ்லைடு பாக்கல, நான் குழாயைப் பாக்கல. கணக்கு சரியாப் போச்சு. மேல சொல்லுங்க! அந்த நேரத்துல லேப்ல வேற யாரோட ரத்தம் இருந்தது?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார்.

"நேத்து ஸ்டாஃபுக்கு வருஷாந்திர மெடிக்கல் செக்கப். காலையில எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. நாற்பத்து மூணு பேர். ஆளுக்குச் சுகர் பாக்க ஒரு சாம்பல் மூடி, அணுக்களை எண்ண ஒரு ஊதா மூடி. நோயாளிங்க ரத்தத்தை எல்லாம் முடிச்சுட்டு, சாயந்திரம்தான் ஸ்டாஃப் குழாய்களை மெஷின்ல வைப்பாங்க. அதுவரைக்கும் ஸ்டாண்டுல சும்மாத்தான் நிக்கும்!"

"அந்த நாற்பத்து மூணு பேர்ல, மூக்குக் கண்ணாடி போட்ட ஆள் யாருன்னு கண்டுபிடிங்க! அவர் ரத்தத்தைத்தான் மாத்தியிருக்காங்க!"

சைரனின் ரத்தத்தையும் போலீஸ் லேபுக்கு அனுப்ப, அவள் பிணவறைக்கு விரைந்தாள்.

டாக்டர் லேபுக்கு ஓடினார்.

வழியில், பெஞ்சில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சைக்கிள் பூட்டுச் சாவி. டாக்டர் நின்றார்.

"யாரைப் பாக்கணும்மா? எத்தனை நாளா உடம்புக்கு?"

அவள் நிமிர்ந்தாள்.

"நான்தான் தம்பி... சைரன் வீட்டுக்காரி. உங்க வீட்டுக்கு வந்திருக்கேனே..."

டாக்டருக்குத் தரை பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

"அவர் குடிப்பாரான்னு என்கிட்டயே வந்து கேக்குறாங்க தம்பி... வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில ரத்தப் பையைத் தலைமேல வெச்சுக் கொண்டாந்தாரே... உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அன்று வந்த அந்த ரத்தப் பையின் குரூப்கூட ஞாபகமிருந்தது. அந்த மனைவியின் முகம்தான் ஞாபகமில்லை.

"தெரியும்மா," என்றார். மறுபடி ஓடினார்.

லேபில், லேப் அக்கா தனியாக இருந்தாள். முப்பது வருட சர்வீஸ். கொஞ்சம் குண்டு, நிறைய அமைதி.

"அக்கா! நேத்து ஸ்டாஃப் ஊதா மூடிக் குழாய் எல்லாம் ஃபிரிட்ஜ்ல இருக்கா?"

"இருக்கு சார்."

"எல்லாத்துலயும் ஸ்லைடு போடுங்க!"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது டாக்டருக்கு உறைக்கவுமில்லை. முகங்களைப் படிக்கத் தெரியாதவருக்கு மௌனத்தைப் படிக்கவா தெரியும்?

ஸ்லைடுகள் வரிசையாக வந்தன.

ஒன்று... வாட்ச்மேன். சாதா ரத்தம்.

ஏழு... சமையல் மாஸ்டர். இரும்புச்சத்து குறைவு. பாவம், எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தனக்கு மிச்சம் வைக்கவில்லை போலிருக்கிறது.

பத்தொன்பது... தலைமை நர்ஸ். ராணுவ வரிசை மாதிரி அணுக்கள். கோபம் கூட மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது!

இருபத்தைந்தாவது ஸ்லைடில், தோளில் ஒரு கை விழுந்தது.

"என்ன கொசு... பிஸியா?"

பெரிய டாக்டர்! நெற்றியில் பிளாஸ்திரி. உதட்டில் சிரிப்பு.

டாக்டர் சட்டென்று எழுந்து நின்றார். பழக்க தோஷம்.

"என் ரிப்போர்ட்ல காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டியாமே. நல்ல பிள்ளை. போட்ட கையெழுத்தைத் திரும்ப நோண்டுறது உடம்புக்கு ஆகாது. புரியுதா?"

"சரி சார்."

"உக்காரு. வேலையைப் பாரு."

"சரி சார்."

அவர் போனார். டாக்டர் தன்னையே மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். இரண்டு 'சரி சார்'! ஒன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா...?

பிறகு உட்கார்ந்தார். வேலையைப் பார்க்கச் சொன்னாரல்லவா? இருபத்தாறாவது ஸ்லைடை எடுத்தார்!

பன்னிரண்டரை மணி. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தாள்.

"கிடைச்சானா?"

"நாற்பத்து ரெண்டு பேரையும் பாத்துட்டேன் மேடம். ஒருத்தர்கிட்டயும் கண்ணாடி இல்ல!"

"நாற்பத்து மூணுன்னீங்க?"

"மிச்சம் ஒண்ணு என்னோடது. அதை எதுக்கு..."

லேபின் லேண்ட்லைன் போன் அடித்தது. மனைவி!

"ஏங்க... உங்க செக்கப் ரிப்போர்ட் என் போனுக்கு வந்திருக்கு."

"அப்புறம் பேசுறேன்மா, ஒரு கொலைக் கேசு..."

"நான் இப்ப பண்ணப் போறதும் கொலைக் கேசுதான்! சுகர் இருநூத்தி நாற்பது! ஆபீஸ்ல ஒளிச்சு வெச்சு என்னத்தைத் திங்கிறீங்க?!"

"எனக்கா...? இருநூத்தி நாற்பதா...? சத்தியமா இல்லம்மா! மூணு மாசம் முன்னாடி கூட விரல் நுனியில பாத்தேன், தொண்ணூறுதான்!"

"அப்போ இது யார் சுகர்?"

டாக்டரின் வாய் திறந்தது. மூடவில்லை.

யார் சுகர்...?

யார்... சுகர்...?!

"நீ தெய்வம்மா!" என்று கத்திவிட்டு போனை வைத்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் சொன்ன முதல் பாராட்டு அது.

ஃபிரிட்ஜைத் திறந்தார். தன் பெயர் எழுதிய ஊதா மூடிக் குழாய். ஒரு சொட்டு. தடவல். சாயம். மைக்ராஸ்கோப்.

மூன்று... நான்கு... மூன்று... நான்கு...

"மேடம்! பெரிய டாக்டருக்குச் சுகர் உண்டா?"

"பத்து வருஷமா உண்டு. நேத்து எமர்ஜென்சியில கேட்டப்போ அவரே சொன்னாரு."

"என் பேர் போட்ட குழாய்ல இருக்கிறது அவர் ரத்தம்! அவர் பேர்ல இருக்கிறது..." டாக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "...என் ரத்தம்! மூக்குக் கண்ணாடி எனக்கு மேடம்! ஊர் ரத்தம் முழுக்கப் பாத்தேன்... என் ரத்தத்தை ஒரு நாளும் பாத்ததில்ல!"

இன்ஸ்பெக்டர் கைதட்டவில்லை. பாராட்டவில்லை. அவளது கண்கள் சுருங்கின.

"அப்படியா டாக்டர்...? சரி, நான் ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன். பெரிய டாக்டரைக் காப்பாத்தினது உங்க ரத்தம். ரிப்போர்ட்ல இருக்கிறது உங்க கையெழுத்து. குழாய் மாறினது உங்க டிபார்ட்மெண்ட்ல. ஸ்லைடைப் பாக்கலேன்னு சொன்னதும் நீங்க. கோர்ட்ல இதை நான் எப்படிச் சொல்லட்டும்?"

டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தார்.

"மேடம்... நானா மாத்தியிருந்தா, நானே ஏன் கண்டுபிடிக்கிறேன்?"

"புத்திசாலிக் குற்றவாளிங்க அப்படிப் பண்ணுவாங்க."

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?!"

இன்ஸ்பெக்டர் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். நெற்றியில் கண்ணாடி. சட்டையில் ஊதாச் சாயம். ஒரு காதோரம் டீ காய்ந்திருந்தது.

"தெரியல. ஆனாலும் ஸ்டேஷனுக்கு வாங்க."

"அவரை விடுங்க மேடம்!"

இருவரும் திரும்பினார்கள்.

லேப் அக்கா! கையுறையை நிதானமாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குழாயை மாத்தினது நான்."

"அக்கா...!"

"நீங்க போன் பேச வெளிய போனீங்களே மேடம், அந்தப் பத்து நிமிஷத்துல பெரிய டாக்டர் என்கிட்ட வந்தாரு. ஏதாவது ஒரு ஸ்டாஃப் ரத்தத்தை என் பேர்ல மாத்தி வை, இல்லேன்னா உன் தங்கச்சிக்கு நாளையிலேர்ந்து இங்க டயாலிசிஸ் கிடையாதுன்னாரு. வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுத்தாத்தான் அவளுக்கு உசுரு. நான் என்ன பண்ணுவேன்?"

அவள் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள்.

"ஸ்டாண்டுல எண்பத்தாறு குழாய் நின்னுது. முடியாதுன்னு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல. ஆனா யார் ரத்தத்தை எடுக்கிறதுன்னு மட்டும் அவர் சொல்லல. அது என் இஷ்டம். தேடி உங்களோடதை எடுத்தேன் சார்."

"என்னோடதை ஏன்க்கா?!"

"உங்க ரத்தத்துல மூக்குக் கண்ணாடி இருக்குன்னு எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். கெடுதல் இல்லாத சமாச்சாரம், சொன்னா நீங்க ராத்திரி தூங்க மாட்டீங்கன்னு சொல்லல. வேற யாரோட ரத்தத்தை வெச்சாலும் மெஷின் பேசாம விட்டிருக்கும். உங்களோடது ஒண்ணுதான் கத்தும்! மெஷின் கத்தினா ஸ்லைடு உங்க மேஜைக்கு வரும். ஸ்லைடைப் பாத்தா உங்களுக்குத் தெரியாம போகுமா...? அது பெரிய டாக்டர் ரத்தம் இல்லேன்னு இந்த ஊர்லயே உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சைரனுக்கு நான் கூப்பிட்ட சாட்சி நீங்கதான் சார்!"

டாக்டர் தன் ஸ்லைடைக் கையில் எடுத்தார்.

"ஆனா நான்... காலையில பாக்காமலே கையெழுத்துப் போட்டேனே அக்கா..."

"ஆமா சார். எல்லாத்தையும் யோசிச்சேன். உங்க சோம்பேறித்தனத்தை மட்டும் யோசிக்கல."

இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தாள்.

"இந்த டாக்டர் பேர்ல இருக்கிற சாம்பல் மூடிக் குழாய் எங்க?"

"பத்திரமா சீல் வெச்சு ஃபிரிட்ஜ் மேல் தட்டுல வெச்சிருக்கேன். சுகருக்கு நாலு சொட்டுதான் எடுத்தேன். மீதி அப்படியே இருக்கு. நேத்து மத்தியானம் அவர் குடிச்ச அத்தனையும் அதுக்குள்ள இருக்கும் மேடம்."

அதன்பின் எல்லாம் வேகம்!

சாம்பல் மூடிக் குழாய் போலீஸ் ஜீப்பில் பறந்தது. மூன்றரை மணிக்குப் பதில் வந்தது. சட்டம் அனுமதிப்பதைப் போல ஆறு மடங்கு ஆல்கஹால்! பிணவறையிலிருந்து போன சைரனின் ரத்தத்தில் துளிகூட இல்லை! பெரிய டாக்டரை மீட்டிங் ஹாலிலேயே மடக்கினார்கள்.

"அந்தக் குழாய்ல இருக்கிறது கொசுவோட ரத்தம்! அவன்தான் குடிகாரன்!" என்று கத்தினார்.

"அப்படியா சார்? குழாயில இருக்கிற டி.என்.ஏ.வைக் கேட்டுருவோம். அது கையெழுத்துப் பாக்காது," என்றாள் இன்ஸ்பெக்டர்.

பிளாஸ்திரிக்கு மேலே வியர்வை வழிந்தது.

லேப் அக்கா அப்ரூவர் ஆனாள். டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ்கள் எல்லோரும் சேர்ந்து போய், அவள் தங்கையின் படுக்கையை யாரும் தொடக் கூடாது என்று புதிதாகப் பொறுப்பேற்ற நிர்வாகியிடம் எழுதி வாங்கினார்கள்.

டாக்டர் நேராக வராந்தா பெஞ்சுக்குப் போனார்.

"அம்மா... சைரன் மேல ஒரு தப்பும் இல்ல. ரத்தமே சொல்லிருச்சு."

அவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீண்ட நேரம் அந்த முகத்தையே பார்த்தார். இந்த ஒரு முகத்தையாவது மறந்துவிடக் கூடாது என்று.

"டாக்டர்!"

இன்ஸ்பெக்டர். பின்னால் தலைமை நர்ஸ். அவள் கையில் ஒரு தட்டு. தட்டில் பஞ்சு, ரப்பர் பட்டை... ஊசி!

"எ... என்ன மேடம் இது?"

"பெரிய டாக்டர் பேர்ல இருக்கிறது உங்க ரத்தம்தான்னு கோர்ட்ல நிரூபிக்கணும். புதுசா ஒரு சாம்பிள் வேணும். இந்தத் தடவை நான் நகர மாட்டேன். சட்டையை மடிங்க!"

டாக்டர் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார். பெஞ்சு முடிந்துவிட்டது.

"நேத்து குத்தினதே இன்னும் வலிக்குது மேடம்... நாளைக்குப் பாக்கலாமே...?"

தலைமை நர்ஸ் அவர் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க சார். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!"

"இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் அந்தப் பொய்யைச் சொன்னவனே நான்தாம்மா... என்கிட்டயேவா?!"